மண்டையைத் துளைக்காமல் மூளையைக் கண்காணித்தல்

தலையில் அடிபட்டவருக்குக் காயம் இரண்டு தடவை நேர்கிறது. முதல் காயம் சாலையில். வண்டி கவிழ்ந்த நொடியிலேயே அது முடிந்துவிடுகிறது. எந்த மருத்துவராலும் அதைத் திருப்பி எடுக்க முடியாது. இரண்டாவது காயம் மருத்துவமனைக் கட்டிலில், அடுத்துவரும் மணிகளிலும் நாட்களிலும், மெதுவாக நேர்கிறது. மூளை வீங்குகிறது. மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. ரத்தம் போதாமல், அடிபடாத நல்ல திசுவும் சாகத் தொடங்குகிறது. "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, மூணாம் நாள்தான் என்னமோ ஆயிடுச்சு" என்று குடும்பத்தார் சொல்லும்போது, பல நேரம் அவர்கள் சொல்வது இந்த இரண்டாவது காயத்தைத்தான். தீவிர சிகிச்சைப் பிரிவின் உழைப்பில் பெரும்பகுதி அதைத் தடுப்பதற்கே செலவாகிறது. அந்த உழைப்புக்கு நெடுங்காலம் கிடைக்காமலிருந்த ஒரு தகவலும், அதை மண்டையில் துளை போடாமல் பெற நடக்கும் முயற்சிகளுமே இன்றைய பேச்சின் பொருள்.

மூளையின் எடை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதமும், உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதமும் அதற்கே போகின்றன. 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் ரத்தம் வேண்டும். அது 20க்குக் கீழே இறங்கினால் நரம்பணுக்களின் மின்செயல் தடுமாறும். 10ஐ நெருங்கினால் அணுக்கள் சாகும். நாளைக்கு வேண்டியதை இன்றே சேர்த்து வைக்கும் வசதி மூளைக்குக் கிடையாது.

ரத்த அழுத்தமோ நாள் முழுக்க ஏறி இறங்குகிறது. படுத்திருந்தவர் எழுந்தால் ஒரு அளவு, மாடிப்படி ஏறினால் ஒரு அளவு, கோபப்பட்டால் இன்னொன்று. இத்தனைக்கும் மூளைக்குப் போகும் ரத்தம் பெரிதாக மாறுவதில்லை. ஏரியில் நீர்மட்டம் ஏறும்போது மதகை இறக்கியும், குறையும்போது தூக்கியும், வயலுக்குப் போகும் தண்ணீரை ஒரே அளவில் வைத்திருக்கும் நீர்க்கட்டியின் வேலையை, மூளையின் சிறு தமனிகள் தாமாகவே செய்கின்றன. அழுத்தம் ஏறினால் சுருங்குகின்றன, இறங்கினால் விரிகின்றன. இதை மூளை ரத்த ஓட்டத்தின் தன்சீராக்கம் என்று சொல்லலாம்.

இதைக் கண்ணால் பார்த்தவர் கோபன்ஹேகனைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் மோகன்ஸ் ஃபோக். 1930களின் பிற்பகுதியில் அவர் பூனைகளின் மண்டையில் கண்ணாடிச் சாளரம் பொருத்தி, மூளையின் மேற்பரப்பில் ஓடும் தமனிகளை நுண்ணோக்கியால் கவனித்தார். விலங்கின் ரத்த அழுத்தத்தைக் குறைத்தபோது அந்தத் தமனிகள் விரிந்தன, கூட்டியபோது சுருங்கின. (நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த டென்மார்க் விடுதலை இயக்கத்தின் தலைவர்களில் ஒருவராக வரலாறு நினைவில் வைத்திருக்கும் ஃபோக்கும் இவரேதான்.) 1959இல் அதே நாட்டைச் சேர்ந்த நீல்ஸ் லாசன், மனிதர்களிடம் அதுவரை எடுக்கப்பட்ட அளவீடுகளைத் திரட்டி ஒரு வரைபடம் வரைந்தார். அழுத்தம் ஏறத்தாழ 60இலிருந்து 150 மி.மீ. பாதரசம் வரை மாறினாலும் ரத்த ஓட்டம் சமமாக நிற்பதாகக் காட்டிய அந்தக் கோடு இன்றும் பல மருத்துவப் பாடநூல்களில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நோயாளிக் குழுவின் சராசரி. கட்டிலில் கிடக்கும் தனி மனிதருக்குச் சமதளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அந்தக் கோடு சொல்லாது. இன்றைய பேச்சின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மண்டை ஓடு மூடிய பெட்டி. உள்ளே மூளை, ரத்தம், மூளைநீர் மூன்றும் இருக்கின்றன. ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும், இல்லையேல் அழுத்தம் ஏறும். ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் மன்றோ 1783இலும் ஜார்ஜ் கெல்லி 1820களிலும் எடுத்துச் சொன்ன கருத்து இது. அந்த அழுத்தத்தை நோயாளியிடம் இடைவிடாமல் அளந்து பதிவு செய்து, அதை ஒரு முறையான மருத்துவமாக்கியவர் சுவீடனின் லுண்ட் நகரத்து அறுவை நிபுணர் நில்ஸ் லுண்ட்பெர்க். மூளையறைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, நகரும் காகிதத்தில் அழுத்தக் கோட்டை வரைய விட்டார். 1960இல் அவர் வெளியிட்ட பதிவுகளில், அசையாமல் படுத்திருந்த நோயாளிகளின் மண்டைக்குள் அழுத்தம் திடீரென்று 50க்கும் மேலே ஏறி, பல நிமிடங்கள் அங்கேயே நின்று, பிறகு சடாரென்று இறங்கிய அலைகள் இருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவர் யாருக்கும் தெரியாத புயல்கள் அவை.

உடலின் சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கழித்தால், மூளைக்குள் ரத்தத்தைத் தள்ளும் அழுத்தம் எவ்வளவு என்று தெரியும். 90இல் 15 போனால் 75, போதும். வீக்கத்தால் 15 என்பது 35 ஆனால், மிச்சம் 55 மட்டுமே. அமெரிக்க மூளைக் காய அறக்கட்டளையின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல், மண்டை அழுத்தம் 22ஐத் தாண்டினால் சிகிச்சை தொடங்கவும், தள்ளும் அழுத்தத்தை 60க்கும் 70க்கும் இடையில் வைக்கவும் சொல்கிறது.

அப்படியானால் மருந்து கொடுத்து ரத்த அழுத்தத்தை ஏற்றிவிட்டால் போதாதா? தமனிகள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தால் அது உதவும்: அழுத்தம் ஏறியதும் அவை சுருங்கும், மண்டைக்குள் ரத்தத்தின் அளவு குறையும், அதனால் மண்டை அழுத்தமும் கொஞ்சம் தணியும். ஆனால் அடிபட்ட மூளையில் பலருக்கு அந்தத் தன்சீராக்கம் கெட்டுப்போயிருக்கும். அவர்களுக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றினால் செயலிழந்த தமனிகள் ஊதிப்போய், வீக்கம் கூடி, மண்டை அழுத்தம் மேலும் ஏறும். ஒரே மருந்து, ஒரே அளவு. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஒருவரைக் காப்பாற்றி இன்னொருவரைக் கெடுக்கும்.

எல்லோருக்கும் அழுத்தத்தை உயர்த்தி வைப்பதற்கு வேறொரு விலையும் உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டனில் கிளாடியா ராபர்ட்சன் குழுவினர் 189 நோயாளிகளிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், தள்ளும் அழுத்தத்தை உயரத்தில் பிடித்து வைத்த குழுவுக்கு மூளையில் ஆக்சிஜன் குறையும் கட்டங்கள் குறைந்தன. ஆனால் கடுமையான நுரையீரல் பாதிப்பு வரும் வாய்ப்பு ஐந்து மடங்கானது. முடிவில் இரு குழுக்களின் நிலையிலும் வித்தியாசம் இல்லை. ஆகவே எண் எத்தனை என்பதைவிட, இந்த நோயாளியின் தமனிகள் இன்னும் வேலை செய்கின்றனவா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இந்தப் பேச்சின் மையமும் அதுதான்.

அந்தக் கேள்விக்கு ஒரு பொறியாளர் விடை தேடித் தந்தார். போலந்திலிருந்து கேம்பிரிட்ஜின் அடன்புரூக்ஸ் மருத்துவமனைக்கு வந்த மாரெக் சோஸ்னிகாவும் அவருடைய குழுவும், உடல் தானாகவே நடத்தும் ஒரு சோதனையைக் கவனித்தார்கள். ரத்த அழுத்தம் ஓரிடத்தில் நிற்பதில்லை; அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அலைகள் அதில் எப்போதும் உண்டு. ரத்த அழுத்தம் ஏறும்போது மண்டை அழுத்தம் இறங்குகிறதா, அல்லது பேசாமல் இருக்கிறதா? தமனிகள் உயிரோட்டத்துடன் இருக்கின்றன. இரண்டும் கைகோத்து ஏறுகின்றனவா? தமனிகள் வெறும் குழாயாகிவிட்டன. இதை எண்ணாக்க, இரு அழுத்தங்களையும் 10 நொடிக்கு ஒரு சராசரியாக எடுத்து, அடுத்தடுத்த 30 சராசரிகளுக்கு, அதாவது 5 நிமிடத்துக்கு, ஒட்டுறவுக் கெழு கணக்கிட்டார்கள். பள்ளிப் புள்ளியியலில் வரும் அதே கெழுதான், -1இலிருந்து +1 வரை. பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் நல்லது, 0.25ஐத் தாண்டி நீடித்தால் ஆபத்து. 1997இல் வெளியான இந்தக் கணக்குக்கு அழுத்த எதிர்வினைக் குறியீடு என்று பெயர். நோயாளிக்கு ஒரு ஊசிகூட அதிகம் போடாமல், ஏற்கெனவே திரையில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு கோடுகளிலிருந்து இதைப் பிழிந்தெடுத்தது அழகான அறிவியல் வேலை.

அந்தக் குறியீடு வந்த பிறகு பழைய எண்களும் வேறு பொருள் தரத் தொடங்கின. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், 261 பெரியவர்களின் பதிவுகளை நிமிட வாரியாக ஆராய்ந்தபோது, மண்டை அழுத்தம் 20க்கு மேல் 37 நிமிடங்களைத் தாண்டி நீடித்தால் மோசமான முடிவுடன் அது தொடர்புபட்டிருந்தது. குழந்தைகளுக்கோ 8 நிமிடமே எல்லை. தன்சீராக்கம் கெட்டவர்களால் அதே அழுத்தத்தை அவ்வளவு நேரம்கூடத் தாங்க முடியவில்லை. குறியீடு எந்தத் தள்ளும் அழுத்தத்தில் மிகக் குறைவாக இருக்கிறதோ, அதுவே அந்த நோயாளிக்கு உகந்த அழுத்தம் என்ற எண்ணமும் கேம்பிரிட்ஜிலிருந்தே வந்தது. அதை நடைமுறையில் பின்பற்ற முடியுமா என்று நெதர்லாந்து, பெல்ஜியம், பிரிட்டன் ஆகிய நாடுகளின் 4 மருத்துவமனைகள் 60 நோயாளிகளிடம் சோதித்து, முடியும், ஆபத்தும் கூடவில்லை என்று 2021இல் தெரிவித்தன. அது உயிர்களைக் காக்கிறதா என்பதைச் சொல்லும் அளவுக்குப் பெரிய சோதனை அல்ல அது.

இத்தனைக்கும் அடியில் ஒரு துளை இருக்கிறது. மண்டை ஓட்டில் துளையிட்டு உணர்கருவியை மூளைக்குள் இறக்க வேண்டும். அதற்கு மூளை அறுவை நிபுணர் வேண்டும், விலையுயர்ந்த கருவி வேண்டும். ரத்தக்கசிவும் தொற்றும் எப்போதாவது நேரும். நோயாளியின் ரத்தம் உறையும் தன்மை கெட்டிருந்தால் துளையிடவே முடியாது. உலகில் தலைக்காயங்கள் அதிகம் நிகழும் இடங்களில்தான் அந்த நிபுணரும் கருவியும் அரிது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டுச் சாலைகளில். விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியதன் காரணமும் ஆண்டுதோறும் நேரும் இத்தகைய இழப்புதான். இரண்டாவது காயம் நேரத் தொடங்குவதும் அந்த 48 மணி நேரத்தில்தான்.

துளை போட முடியாத இடங்களில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு பெரிய சோதனையே இருக்கிறது. ராண்டல் செஸ்னட் தலைமையில் பொலிவியா, எக்குவடோர் நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 324 நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு மண்டை அழுத்தத்தை அளந்து அதன்படி சிகிச்சை, மற்றதற்கு சி.டி. ஸ்கேனையும் நோயாளியின் நிலையையும் பார்த்துச் சிகிச்சை. 2012இல் வெளியான முடிவில், ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் முதல் குழுவில் 39 சதவீதம், இரண்டாவதில் 41 சதவீதம். புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. அளப்பதே வீண் என்று சிலர் இதைப் படித்தார்கள். அது தவறான வாசிப்பு. ஒரு எண்ணை எல்லோருக்கும் பொது எல்லையாக வைத்து விரட்டினால் பெரிய பலன் இல்லை என்பதையே அது காட்டியது. ஒவ்வொருவரின் தமனிகளும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அந்தச் சோதனையில் யாரும் பார்க்கவில்லை.

துளையில்லாத வழிகளில் மூத்தது ஒலி. 1982இல் ரூனே ஆஸ்லிட் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், காதுக்கு முன்னால் நெற்றிப்பொட்டில் எலும்பு மெலிந்திருக்கும் இடத்தில் 2 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ரா சவுண்டைச் செலுத்தி, மூளையின் நடுத் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளர் முறையில் காதால் கேட்கும்படி செய்தார். 1989இல் அவரே ஒரு எளிய சோதனையைச் செய்து காட்டினார். நலமாக உள்ளவர்களின் தொடைகளில் பெரிய பட்டைகளைச் சுற்றிக் காற்றடித்து, சட்டென்று அவிழ்த்தார். கால்களுக்கு ரத்தம் பாய, உடலின் ரத்த அழுத்தம் சரிந்தது. மூளைத் தமனியின் வேகமும் கூடவே விழுந்தது. ஆனால் ரத்த அழுத்தம் மீள்வதற்கு முன்பே, சில நொடிகளில், மூளையின் வேகம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. தன்சீராக்கம் எவ்வளவு விரைவானது என்பதை மனிதரிடம் நேரடியாகக் காட்டிய சோதனை இது. மூச்சின் கரியமில வாயு கூடினால் அந்த மீட்சி மந்தமானது, குறைந்தால் விரைந்தது. வென்டிலேட்டரில் மூச்சின் அளவை மாற்றும் ஒவ்வொரு கையும் மூளைத் தமனிகளையும் தொடுகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

தொடைப் பட்டை கோமாவில் கிடப்பவருக்கு ஏற்றதல்ல. ஆகவே சோஸ்னிகா குழு 1996இலேயே, மெல்லலைகளை வைத்துச் செய்யும் அதே ஒட்டுறவுக் கணக்கை டாப்ளர் வேகத்துக்கும் செய்தது. அங்கே டாப்ளருக்கு ஒரு மேன்மையும் தெரிந்தது. மண்டைக்குள் வைக்கும் உணர்கருவி முழு மண்டைக்கும் ஒரே எண் தரும். டாப்ளர் வலது, இடது என்று தனித்தனியாகக் கேட்கும். எரிக் ஷ்மிட் 2003இல் கேம்பிரிட்ஜ் நோயாளிகளிடம், அடிபட்ட பக்கத்தில் தன்சீராக்கம் மற்றப் பக்கத்தைவிட மோசமாக இருப்பதைக் காட்டினார். ஒரு பக்கத் தமனிகள் செத்து, மறுபக்கம் நன்றாக இருந்தால், சராசரி எண் இரண்டையும் மறைத்துவிடும். துளையற்ற முறை துளையிடும் முறையின் மலிவு நகல் என்ற எண்ணத்தை இந்த ஒன்றே தகர்க்கிறது.

குறைகளும் உண்டு. டாப்ளர் வேகத்தை அளக்கிறது, ஓட்டத்தை அல்ல. தமனி சுருங்கியிருந்தாலும் வேகம் கூடும். சுமார் பத்தில் ஒருவருக்கு நெற்றிப்பொட்டு எலும்பு தடித்து ஒலி உள்ளே போகாது. ஒலியை அனுப்பும் புரோபை மணிக்கணக்கில் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தால் எல்லாம் விலகும். தானே தமனியைத் தேடிப் பிடிக்கும் ரோபோ புரோப்கள் இப்போது வருகின்றன, விலை சாதாரணமல்ல.

அடுத்தது ஒளி. 1977இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் யோப்சிஸ், சிவப்புக்கு அப்பாலுள்ள ஒளி தோலையும் எலும்பையும் ஊடுருவி மூளைவரை போகும் என்று காட்டினார். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் அந்த ஒளியை வெவ்வேறாக உறிஞ்சுவதால், நெற்றியில் ஒட்டிய ஒரு பட்டை மூளைத் திசுவின் ஆக்சிஜன் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும். ரத்த அழுத்த அலைகளோடு அதைச் சேர்த்து ஒட்டுறவு பார்த்தால் தன்சீராக்கத்தின் குறி கிடைக்கும். இதய அறுவை நேரத்தில் அமெரிக்க மருத்துவமனைகள் சில இதைப் பயன்படுத்தி ஆராய்ந்துள்ளன. பட்டையை ஒட்டிவிட்டால் யாரும் பிடித்திருக்க வேண்டாம், நாட்கணக்கில் ஓடும்.

ஆனால் ஒளி முதலில் நெற்றித் தோலின் ரத்தத்தைத்தான் பார்க்கிறது. தோலடியில் ரத்தம் கட்டியிருந்தால், அடிபட்டவருக்கு அது சாதாரணம்தானே, அளவு கெடும். தோலின் கருமையும் அடர்ந்த கருமுடியும் ஒளியை விழுங்கும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவைக் கண்டுகொள்ளாமல் விடுவது அதிகம் என்று 2020இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் காட்டிய பிறகு, இந்தக் கேள்வியை யாரும் ஒதுக்க முடியாது. வெள்ளைத் தோலில் அளவு திருத்திய கருவியைத் திருநெல்வேலி நெற்றியில் ஒட்டி அப்படியே நம்பக் கூடாது. இங்கேயே, இந்த மக்களிடமே, சோதித்துச் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி பிரேசிலில் பிறந்தது. சாவோ கார்லோஸ் நகரத்து இயற்பியலாளர் செர்ஜியோ மஸ்கரேன்யாஸுக்கு முதுமையில் மூளைநீர்த் தேக்க நோய் வந்தது. அழுத்தத்தை அறிய மண்டையைத் துளைப்பதைத் தவிர வழியில்லை என்று மருத்துவர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. மண்டை ஓடு விறைப்பானது என்ற மன்றோ, கெல்லி காலத்து நம்பிக்கையையே சோதித்தார். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் எலும்பு மைக்ரோமீட்டர் அளவில் விரிந்து சுருங்குவதை, பாலங்களிலும் இயந்திரங்களிலும் திரிபை அளக்கும் உணர்கருவியைக் கொண்டு அளந்தார். தலையில் பட்டையாகக் கட்டும் அந்தக் கருவி இப்போது பிரேசில் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. அழுத்தம் எத்தனை என்று அது சொல்லாது. ஒவ்வொரு துடிப்பின் அலைவடிவத்தைக் காட்டி, மண்டைக்குள் இடம் நெருக்குகிறதா என்று சொல்லும். 2021இல் 93 வயதில் இறந்த மஸ்கரேன்யாஸ், நோயாளியாக இருந்ததாலேயே இந்தக் கேள்வியைக் கேட்டார் என்பது மனதில் நிற்கிறது. கண் நரம்பின் உறை வீங்கியிருக்கிறதா என்று அல்ட்ரா சவுண்டால் பார்ப்பது இன்னொரு வழி. அது அழுத்தத்தை ஊகிக்க உதவும், தன்சீராக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இவற்றில் எதுவும் துளைவழி அளவீட்டுக்கு இணையான துல்லியத்தை இன்னும் எட்டவில்லை. கேம்பிரிட்ஜில் உணர்கருவியை எடுத்துவிட்டு நெற்றிப் பட்டையை ஒட்டுவது அறிவுடைமை ஆகாது. ஆனால் இன்று எதுவுமே அளக்கப்படாத கட்டிலுக்கு அருகே வைத்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. அங்கே டாப்ளர் இருபக்கமும் பத்து நிமிடம் கேட்டுச் சொல்வது, கைவிளக்கால் கண்மணியைப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல். தனி ஒரு எண்ணை நம்பாமல், காலையில் இருந்ததும் மாலையில் இருப்பதும் எந்தத் திசையில் நகர்கின்றன என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். 'துளையற்ற முறை' என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: நம்பகமான ஒட்டுறவுக் கணக்குக்கு ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி அறிய வேண்டும், அதற்குப் பெரும்பாலும் மணிக்கட்டுத் தமனிக்குள் ஒரு சிறு குழாய் தேவை. அது தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செவிலியர்கள் தினமும் கையாளும் பொருள்தான்.

பொலிவியச் சோதனையை நடத்திய செஸ்னட்டே 2019இல் சியாட்டில் நகரில் கூடிய நிபுணர் குழுவின் சிகிச்சைப் படிநிலைகளை வெளியிட்டபோது, அதில் ஒரு கட்டில்பக்கச் சோதனை இடம்பெற்றது. மற்ற எந்தச் சிகிச்சையையும் மாற்றாமல், மருந்தின் அளவைக் கூட்டி, சராசரி ரத்த அழுத்தத்தை 10 மி.மீ. ஏற்ற வேண்டும், 20 நிமிடத்துக்கு மேல் கூடாது. அதற்குள் மண்டை அழுத்தம் அசையாமலோ தணிந்தோ இருந்தால் தமனிகள் வேலை செய்கின்றன. ஏறினால் இல்லை, மருந்தைக் குறைத்துப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மண்டை அழுத்தம் அளக்கும் வசதியில்லாத இடத்தில், அதே 20 நிமிடமும் இரு நெற்றிப்பொட்டுகளிலும் டாப்ளரை வைத்து, ரத்தத்தின் வேகம் அழுத்தத்தோடு சேர்ந்து ஏறுகிறதா என்று கேட்க முடியும். எந்தப் பக்கம் ஏறுகிறது, எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து அந்த நோயாளி வேலைக்குத் திரும்பினாரா என்று பார்க்கும் ஆய்வு, தலைக்காயம் அதிகம் வரும் மாவட்ட மருத்துவமனைகளில் நடக்க வேண்டும். அதற்கு வேண்டிய டாப்ளர் கருவி பக்கவாத சிகிச்சைக்காகப் பல பெரிய அரசு மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு வரவும், இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கும் செவிலியருக்கும் நடுத் தமனியைத் தேடிப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கவும்தான் இனி ஆட்களும் நேரமும் ஒதுக்க வேண்டியிருக்கிறது.